மேடையில் விழுந்த துண்டு

நல்லாங்குளம்
தாது வருஷம், ஆனி 20

என் மகள் பெற்ற பேயாண்டிக்கு அம்மாச்சி சோணையம்மாள் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. நான் கல்லுப்போல இருக்கிறேன். உன் தாய்மாமன் கருப்பும் அவன் பெண்டாட்டி இருளாயியும் அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். உன் தாடை வீக்கம் வடிந்ததா, புருவத்து வெட்டு ஆறியதா, அதை முதலில் எழுது.

மதுரையில் சண்டை முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் ரயிலேறிவிட்டாய். மறக்கிற ஆள் நானில்லை. நீ பிறந்த அன்று மருந்து அரைத்துத் தர மாட்டேன் என்று இருளாயி சொன்ன சொல்லையே இன்னும் வைத்திருக்கிறேன்.

தமுக்கம் மைதானத்தில் கொட்டகைக்கு வெளியே மாட்டு வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரச் சார்ஜன் பிளேக்கை நீ இரண்டு தடவை கீழே விழுத்தாட்டினாய். மூன்றாம் தடவை கயிற்றில் சாய்த்து வைத்து அடித்தாய். அப்போது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நம் ஊர் பெரிய வீட்டுக்காரர் எழுந்து, "அப்பிடிப் போடுறா எங்க ஊருக் காளை!" என்று கத்திக்கொண்டு, மடியில் இருந்த புது வெள்ளைத் துண்டை உன் பக்கம் எறிந்தார். மஞ்சுவிரட்டில் மாடு பிடித்தவனுக்கு எறிவாரே, அதே வீச்சு.

துண்டு உன் காலடியில் விழுந்தது. உடனே வெள்ளை உடுப்புக்கார நடுவர் குறுக்கே வந்து கையை ஆட்டினான். மணி அடித்தது. நடுவர் அந்தச் சார்ஜனுடைய கையை உயரத் தூக்கிவிட்டான். நிற்கத் தெம்பில்லாமல் நின்றவன் கையை! என் பக்கத்தில் நின்ற ஒருத்தன், "பேயாண்டி தோத்தேன்னு ஒத்துக்கிட்டான்டா" என்றான். "ஒனக்குக் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கேட்டேன். வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள்.

துண்டு விழுந்தால் தோல்வி என்று எந்த ஊர் நியாயம்? பதில் போடு. என்னை ஆறுதல் படுத்துகிற மாதிரி எழுதாதே. நடந்ததை எழுது.

உன் நல்லதையே நினைக்கும்
சோணையம்மாள்


உரிகம், கோலார் தங்கவயல்
14-7-1936

தாயில்லாத என்னைத் தாயாக இருந்து வளர்த்த அம்மாச்சிக்கு, பேரன் பேயாண்டி கும்பிட்டு எழுதுவது. தாடை சரியாகிவிட்டது. சோறு மெல்ல முடிகிறது. உன் கால் குடைச்சல் எப்படி இருக்கிறது?

இது குத்துச்சண்டையின் சட்டம், அம்மாச்சி. ஒவ்வொரு சண்டைக்காரனுக்கும் மேடை மூலையில் ஓர் ஆள் உண்டு. தன் ஆள் இனித் தாங்க மாட்டான் என்று தோன்றினால் அவர் ஒரு துண்டை உள்ளே எறிவார். எறிந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். என் மூலையில் நின்றவர், எனக்குச் சண்டை சொல்லிக்கொடுத்த கோரிப்பாளையத்து ஜலால் பாய். நடுவர் துண்டைப் பார்த்தார். அது பறந்து வந்த திசையைப் பார்க்கவில்லை. ஜலால் பாய் தம் துண்டைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து, "நம்ம துண்டு இந்தா இருக்கு தொரை! அது எவன் துண்டுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்!" என்று கத்தினார். நடுவருக்குத் தமிழ் தெரியாது. அவரையும் மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

இரண்டு வருஷமாக நான்தான் தென்னிந்திய ஹெவிவெயிட் சாம்பியன். அந்தப் பெயர் இருப்பதால்தான் சுரங்கத்தில் எனக்கு மேலே, வெளிச்சத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். பெயர் போனால் மறுபடி பாறைக்குள் இறங்க வேண்டும். உள்ளே புழுதி தின்றவன் நெஞ்சு பத்து ரவுண்டு தாங்காது.

சண்டைக் கமிட்டிக்கு ஜலால் பாய் மனுக் கொடுத்தார். துண்டை எறிந்தவரே, "நான் பேயாண்டியின் மூலை ஆள் அல்ல, பரிசாக எறிந்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்தத் தீர்ப்பை அழித்துவிட்டு மறு சண்டை வைப்பதாகச் சொல்கிறார்கள். பெரிய வீட்டுக்காரர் என் மேல் பிரியப்பட்டுத்தானே எறிந்தார்? மாமாவைப் போய்க் கேட்கச் சொல். இரண்டு வரி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பேயாண்டி


நல்லாங்குளம்
ஆவணி 3

பேயாண்டிக்கு, உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ மெலிந்திருப்பாய் என்று எழுத்தைப் பார்த்தே தெரிகிறது. முட்டை சாப்பிடு.

கருப்பை நம்பவில்லை. நானே போனேன். அவனைப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். பெரிய வீட்டுக்காரர் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா சோண, உம் பேரன் தோத்துப் போனானாம்ல?"

"தோக்கல அய்யா. ஒங்க துண்டு வந்து விழுந்துச்சு."

"சந்தோசத்துல எறிஞ்சேன். நம்ம பய ஒரு வெள்ளைக்காரனப் போட்டு அந்த அடி அடிக்கிறானேன்னு எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய்யில்லை. சந்தோஷத்தில்தான் எறிந்திருக்கிறார். அதையும் உனக்கு எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் கோபத்துக்கு மதிப்பில்லை.

"அதையே ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க" என்றேன்.

"குடுக்கிறேன். ஆனா நான் எறிஞ்ச துண்ட அவன் தொடவே இல்லையே. எங்கப்பன் காலத்துல இருந்து எங்க வீட்டுத் துண்டு தரையில கெடந்ததில்ல. கணக்கப்பிள்ளைதான் பொறுக்கிட்டு வந்தான். ஊருல எனக்கு எம்புட்டுக் கேவலம்? அவன வரச்சொல்லு. ஊரு கூடட்டும். தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்பிட்டு, எந்திரிச்சு வாங்கிக்கிரட்டும். மறு நிமிசம் கையெழுத்துப் போடுறேன்."

"சரிங்க சாமி" என்றான் உன் மாமன். அவனுக்கு எல்லாமே சரிதான். நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். அது உனக்கு வேண்டாம்.

உன் அப்பன் வீரணன் தன் கல்யாணத்தன்று தோளில் துண்டு போட்டுக்கொண்டு பெரிய தெருவில் நடந்தான். மாலையும் கழுத்துமாக அவனைப் புளியமரத்தில் கட்டி வைத்தார்கள். கட்டச் சொன்னவர் இவருடைய அப்பா. ஓடிப்போய்க் கயிறு எடுத்து வந்து கொடுத்தவர் இவர், அப்போது மீசை முளைக்காத பையன். அவர் மறந்திருப்பார். கயிறு கொடுத்த கைக்கு வளையம் போட்டிருந்தார், வெள்ளி வளையம். எனக்கு அதுகூட ஞாபகம் இருக்கிறது.

நீ வராதே. வேறு வழி தேடு. ஜலால் பாய்க்கு என் சலாம் சொல்.

சோணையம்மாள்


உரிகம்
6-9-1936

அம்மாச்சிக்குப் பேரன் பேயாண்டியின் கும்பிடு. இங்கே மழை தொடங்கிவிட்டது. நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ எழுதியதைப் படித்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அப்பாவை நினைத்துத்தான். ஆனால் அப்பா கட்டுண்டு நின்றதற்கு ஒரு பலனும் கிடையாது. நான் விழுந்தால் எனக்கு மேடை கிடைக்கும். ஒரு நிமிஷ வேலை. சுரங்கத்தில் வருஷக் கணக்காகக் குனிந்துதான் பாறை உடைத்தேன், அதை யாரும் கேவலம் என்று சொல்லவில்லையே?

எனக்கு முப்பதாகிறது. ஹெவிவெயிட்காரனுக்கு முதலில் கால்தான் போகும், கை அப்புறம் போகும் என்கிறார் ஜலால் பாய். என் கால் இன்னும் இருக்கிறது. இன்னும் எத்தனை காலத்துக்கு இருக்கும் என்று தெரியாது.

அவரிடம் என்ன வார்த்தை சொன்னாய்? எழுது. மாமா ஏன் எனக்கு ஒரு வரியும் போடச் சொல்லவில்லை?

பதிலை எதிர்பார்த்திருக்கும்
பேயாண்டி


ஐப்பசி 10

பேயாண்டிக்கு, பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கையில் சின்னக் காயம். ஆறிவிட்டது. மழை நல்ல மழை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இனிமேல் கடிதத்தைக் காளவாசல் வெற்றிலைக்கடை சைனப் பீவி மேற்பார்வை என்று போடு. அவள் உன் ஜலால் பாயின் அக்காள். நம் ஊருக்குத் தபால்காரன் சரியாக வருவதில்லை. வந்தாலும் பெரிய வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறான்.

கையெழுத்து இல்லாமல் சண்டைக்கு வழி உண்டா என்று கமிட்டியில் கேள். வழியில்லை என்று சொல்கிறவனிடம் மறுபடி கேட்காதே. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம் கேள்.

தீபாவளிக்கு வர வேண்டாம். ரயிலில் கூட்டமாக இருக்கும்.

சோணையம்மாள்


உரிகம்
20-11-1936

அம்மாச்சிக்கு வணக்கம். கையில் எப்படிக் காயம் பட்டது? கடிதத்தில் ஊர்ப் பெயரும் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நீ சொன்னபடி கேட்டேன். வழி உண்டாம். மற்ற ஹெவிவெயிட்காரர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக ஜெயித்து வந்தால், கடைசியில் சார்ஜனோடு நிற்கலாம். ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் பகலில் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். பகலெல்லாம் பாறையோடு சண்டை போட்டவன் சாயங்காலம் மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவான்?

அதனால் முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் வருகிறேன். நேராகப் பெரிய வீட்டுக்குப் போவேன். அந்த நேரத்தில் நீ அங்கே நிற்காதே, அம்மாச்சி. இந்த ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன். முடிந்த பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வைதுகொள்.

உன் பேரன்
பேயாண்டி


உரிகம்
8-12-1936

அம்மாச்சிக்கு.

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பதில் இல்லாமலே புறப்பட்டேன்.

திருப்பரங்குன்றம் ஸ்டேஷனில் இறங்கி, சுவருக்குப் பின்னால் போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். டிக்கெட் வாங்குகிறவர் பார்த்துவிட்டார். "சாம்பியன் பேயாண்டிதான நீங்க?" என்றார். "இல்லீங்க, நான் அவுக அண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நம் தெருவுக்கு வந்தேன். நம் வீடு இருந்த இடத்தில் நாலு சுவர் மழையில் கரைந்து நின்றது. கூரை இல்லை. உள்ளே ஆமணக்கு முளைத்திருந்தது. பக்கத்து வீட்டு விருமாண்டி ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, இப்பத்தான் வாரியா? கெழவி போயி ஒரு மாசத்துக்கு மேலாச்சே!"

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் ஓடி வந்து தோளைப் பிடித்தான்.

"அட, சாகல மாப்ள! அத சாகடிக்க இனிமேத்தான் ஒருத்தன் பொறக்கணும். ஊர விட்டுப் போயிருச்சுன்னு சொன்னேன்."

அன்றைக்குக் களத்தில் நீ சொன்ன வார்த்தையை அவன்தான் சொன்னான். "விழுறதுக்கு எம் பேரன் என்ன அந்தச் சார்ஜனா? ஒங்க துண்ட நீங்களே வச்சுக்கங்க." மறுநாளே உனக்கு யாரும் வேலை தரக்கூடாது என்று ஆனதும், கிணற்றில் நீ வாளி விடக்கூடாது என்று ஆனதும், பிறகு கூரையைப் பிரித்ததும் எல்லாம் சொன்னான். பிரிக்க வந்தவர்களில் மாமாவும் ஒருத்தராமே? அவர்கள் கையிலிருந்து ஓலையை இழுக்கப் போய்த்தான் உன் கையைக் கிழித்துக்கொண்டாயாமே?

பெரிய வீட்டுக்குப் போகவில்லை. காளவாசலுக்கு வந்தேன். செங்கல் சூளையில் நீ தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமந்துகொண்டிருந்தாய். எதிரே கட்டை வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் இடுப்பில் துண்டு இன்னும் இருந்தது. கட்டியபடி உன் முன்னால் வர முடியவில்லை. அவிழ்த்துவிட்டும் வர முடியவில்லை. திரும்பி ரயிலேறிவிட்டேன்.

யாரை நிறுத்தினாலும் சண்டை போடுகிறேன் என்று கமிட்டிக்கு எழுதிவிட்டேன். நாளைக்குச் சுரங்கத்தில் இறங்குகிறேன்.

பேயாண்டி


காளவாசல்
தை 5

பேயாண்டிக்கு, பொங்கல் பொங்கியாயிற்று. சைனப் வீட்டு வெல்லம், என் அரிசி. உனக்கும் ஒரு வாய் எடுத்து வைத்துக் காக்காய்க்குப் போட்டேன். சுரங்கத்திலிருந்து ஏறியதும் வெந்நீரில் குளி. நெஞ்சுக்குக் கருப்பட்டி நல்லது.

ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் ஒரு கட்டை வண்டிக்குப் பின்னால் ஒளிய முடியும் என்று உனக்கு யார் சொன்னது? பார்த்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நீ அழுதிருப்பாய். சூளை நிறையப் பெண்கள் நின்றார்கள். சாம்பியன் அழுததை ஜில்லா முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

என் பக்கத்தில் கல் சுமந்தவள், "யாரு ஆத்தா அது, பனைமரம் மாதிரி, இங்கிட்டே பாக்குறான்?" என்று கேட்டாள். "யாரோ செங்கல் வாங்க வந்தவன். வெல கட்டுபடியாகல போல" என்றேன்.

நீ துண்டை இடுப்பில் கட்டியதை நான் மறக்க மாட்டேன். அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்பியதையும் மறக்க மாட்டேன். இரண்டும் வேறு வேறு மூட்டை. இரண்டையும் நான்தான் சுமப்பேன். ஒன்றைக் காட்டி மற்றதை அவிழ்க்கச் சொல்லாதே.

கருப்பு செய்ததை உனக்கு எழுதவில்லை. வேதக்காரப் பாதிரி பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே கற்ற எழுத்து இது. பெற்ற பிள்ளை கூரை பிரித்ததை எழுத அதற்கு அம்புட்டு பலமில்லை. அவன் பிரிக்கும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன்.

நீ போனபின் எனக்கு வேலை கஷ்டமாகத் தெரியவில்லை. இங்கே யாரும் என்னை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை. கல்லை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

ஒவ்வொருவனாக வரட்டும். அடி.

சோணையம்மாள்


பெங்களூர்
2-8-1937

அம்மாச்சிக்குப் பேரன் பேயாண்டி கும்பிட்டு எழுதுவது. எழுத்துக் கோணலாக இருக்கும், விரலெல்லாம் வீங்கியிருக்கிறது.

மாசியில் சென்னைப் பட்டணத்தில் ஒருத்தன், சித்திரையில் தங்கவயலில் ஒருத்தன் என்று நான் எழுதிய கடிதங்கள் வந்திருக்கும். ஆனியில் தோற்கப் பார்த்தேன். இருமல் வந்து மூச்சு நின்றுவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்தபோது ஜலால் பாய் காதுக்குள் சொன்னார்: "ஒங்க அம்மாச்சி இந்நேரம் எத்தன கல்லு ஏத்திருக்கும்டா மாப்ள?" எழுந்து போய் ஜெயித்தேன்.

நேற்று சார்ஜன் பிளேக். பட்டாளத்துச் சிப்பாய்கள் எல்லாம் அவன் பக்கம் கத்தினார்கள். என் பக்கம் கத்தத் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்தவர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்கள். ஜலால் பாய் தம் துண்டைப் பலகையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட மறுத்துவிட்டார். "எந்திரிச்சா காத்துல பறந்தாலும் பறக்கும்" என்றார். ஆறாவது ரவுண்டில் சார்ஜன் விழுந்தான். நடுவர் பத்து வரைக்கும் எண்ணினார். இந்தத் தடவை எனக்கே எண்ணிக்கை நீளமாகத் தெரிந்தது.

மறுபடி நான்தான் சாம்பியன், அம்மாச்சி. யாருடைய கையெழுத்தும் இல்லாமல்.

சார்ஜன் எழுந்து வந்து கை கொடுத்தான். ஏதோ சொன்னான். மதுரையிலேயே நீதான் ஜெயித்தாய் என்று சொன்னதாக ஒருவர் விளக்கினார். அப்போதே சொல்லியிருக்கலாம்.

இனி நீ சூளைக்குப் போகக்கூடாது. எங்கே இருக்கலாம் என்று நீயே சொல்.

பேயாண்டி


காளவாசல்
ஈஸ்வர வருஷம், ஆவணி 10

சாம்பியன் பேயாண்டிக்கு அம்மாச்சி சோணையம்மாள் எழுதிக்கொள்வது. வீங்கிய விரலுக்கு மஞ்சளும் உப்பும் சூடு செய்து பற்றுப்போடு. எனக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைச் சூளையில் எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகப் படித்தேன். சார்ஜன் விழுந்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். அந்தச் சார்ஜன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவனையும் வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் கருப்பு வந்தான். சூளை வாசலிலேயே நின்றான்.

"ஆத்தா, பெரிய வீட்டுக்காரரு சொல்லிவிட்டாரு. பேப்பர்ல பேயாண்டி படம் வந்துருக்காம். ஊருக்குக் கலெக்டர் வாராராம். அன்னைக்கிப் பேயாண்டி வந்து பக்கத்துல நின்னாப் போதுமாம். விழ வேண்டாமாம், ஆத்தா. ஒனக்குக் கூரை போட்டுத் தாராராம். எறங்கி வந்துட்டாரு ஆத்தா!"

"எறங்கி வந்தா மண்ணுலதான நிப்பாரு? நாமளும் அங்கனதான நிக்கிறோம். இதுக்கு எதுக்குடா கலெக்டரு?" என்றேன்.

அவன் அழுதான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை.

எங்கே இருக்கப்போகிறேன் என்று கேட்டாய். இங்கேதான். சைனப் கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது. நீ வந்து ஒரு குடிசை போட்டுக் கொடு. சூளைக்குப் போவதும் போகாததும் என் இஷ்டம்.

ஆனால் ஊருக்கு ஒரு தடவை போக வேண்டும். கலெக்டர் வருகிற நாளில் வேண்டாம். சாதாரண நாளில், எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரத்தில். என் கல் உரல் இன்னும் அந்த நாலு சுவருக்குள் கிடக்கிறது. கூரையைப் பிரித்தவர்கள் அதைப் புரட்டப் பார்த்துவிட்டு முடியாமல் போட்டுப் போனார்கள். இங்கே சைனப்பிடம் இரவல் வாங்கி இடிக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டி பேசாதே. உன் தோளில் தூக்கு. நம் தெருவிலிருந்து ரோட்டுக்குக் கீழ்வழியாக வயல் வரப்பில் போகச் சொல்வார்கள், அதுதான் எப்போதும் நமக்கு வழி. அதில் போகப்போவதில்லை. பெரிய தெரு வழியாகத்தான் போகிறோம், அவர் வீட்டு வாசலைத் தாண்டி. நான் முன்னால் நடப்பேன். யாராவது ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்காதே.

கனம் அதிகம் என்று அவசரப்பட்டு என்னைத் தாண்டிப் போய்விடாதே. கால் குடைச்சல் இருக்கிறது. நான் மெதுவாகத்தான் நடப்பேன்.

புறப்படும் தேதியை எழுது.

சோணையம்மாள்